இறுக்கச் சொல்வதற்கு முன் பரிசோதிக்க வேண்டும்: இடுப்புத்தளப் பிசியோதெரபி பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருமினால், தும்மினால், கனமாக எதையாவது தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு உடல்நலப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "கீகல் பயிற்சி செய்யுங்கள்." சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் அந்தப் பயிற்சியை நாங்கள் குறை சொல்லவில்லை. யாருக்கு, எப்படி, எத்தனை நாள் என்று சொல்லாமல் ஒற்றை வரியோடு விட்டுவிடுவதுதான் சிக்கல். இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபியைத் தொழிலாகச் செய்பவர்கள் நாங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும், அங்கே போனால் என்ன செய்வார்களோ என்ற தயக்கத்தில் பலர் வருவதே இல்லை. வருகிறவர்களிலும் சிலர் முதல் நாளோடு நின்றுவிடுகிறார்கள். அந்த அறைக்குள் உண்மையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் தயக்கம் பாதி குறையும். சில உறுப்புகளின் பெயர்களை நேராகவே எழுதியிருக்கிறோம். அதற்காக வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை.

பயிற்சிக்குப் பெயர் தந்த ஆர்னால்டு கீகல் ஓர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர். 1948-இல் அவர் எழுதிய கட்டுரையிலேயே தசையின் அழுத்தத்தை அளந்து காட்டும் ஒரு கருவி இடம்பெற்றிருக்கிறது. சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று பார்த்து, அதை நோயாளிக்கும் காட்டி, பிறகு பயிற்சி கொடுப்பதுதான் அவருடைய முறை. காலப்போக்கில் பரிசோதனை கழன்றுபோய் "இறுக்குங்கள்" என்ற சொல் மட்டும் மிஞ்சிவிட்டது. 1991-இல் வெளியான ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாய்ச்சொல்லால் மட்டும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்த விதம் கசிவைக் கூட்டிவிடக்கூடியதாக இருந்தது. படித்துவிட்டுத் தானாகச் செய்து பார்த்து, பலனில்லை என்று கைவிட்டவர்கள் இதைத் தங்கள் சோம்பலின் கணக்கில் எழுத வேண்டாம்.

முன்புறம் அடிவயிற்றுக்குக் கீழே கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்புறம் வால் எலும்பு வரை, இரு பக்கமும் இடுப்பெலும்பின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, தூளி கட்டியதுபோல் கிடக்கும் தசைத்தொகுதிதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை ஆகியவற்றை அது கீழிருந்து தாங்குகிறது. சிறுநீர்க் குழாயையும் ஆசனவாயையும் மூடி வைப்பதும், நேரம் வரும்போது விட்டுக்கொடுப்பதும் அதன் வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடிக்கும் தசைப்பட்டை தளர்ந்தால்தான் அந்த வளைவு நிமிர்ந்து மலம் இறங்கும். ஆகவே கோளாறும் இரண்டு திசையில் வரலாம். தசை வலுவிழந்திருக்கலாம், அல்லது எப்போதும் இறுகியே இருந்து, தளரத் தெரியாமல் இருக்கலாம். ஒரே ஆளுக்கு ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்ச்சியும் இருப்பதும் உண்டு.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், இறுகிய தசையாலும் சிறுநீர் கசியும். நாள் முழுக்கச் சுருங்கியே இருக்கும் தசைக்கு, இருமல் வரும் நொடியில் மேற்கொண்டு சுருங்க இடமிருக்காது. அப்படிப்பட்டவருக்குக் "கீகல் செய்யுங்கள்" என்று சொன்னால் கசிவும் நிற்காது, வலியும் கூடும். சிறுநீர் கழிக்க உட்கார்ந்தும் உடனே வராமல் காத்திருப்பது, முழுதாகப் போகாத உணர்வு, முக்கி முக்கி மலம் கழிப்பது, உடலுறவில் வலி, நெடுநேரம் உட்கார்ந்தால் வால் எலும்பைச் சுற்றி வலி ஆகியவை சேர்ந்திருந்தால் இறுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அதற்காகத்தான் பரிசோதனை.

வருவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே வீட்டுப்பாடம் 3 நாள் சிறுநீர்க் குறிப்பு. அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. வேலை நாளும் விடுமுறை நாளும் கலந்திருந்தால் நல்லது. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழிப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி கழித்தீர்கள், எப்போது கசிந்தது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதினால் போதும். விழித்திருக்கும் நேரத்தில் 8 முறைக்குள், இரவில் ஒரு முறைக்குள், ஒவ்வொரு முறையும் சுமார் 250 முதல் 400 மில்லி என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கு வழக்கமான அளவு. 100 மில்லி சேர்வதற்குள் ஓடுபவருடைய சிக்கல் வேறு, 600 மில்லி வரை அடக்கி வைத்துவிட்டு எழும்போது கசியவிடுபவருடைய சிக்கல் வேறு. இருவரும் எங்களிடம் சொல்வது "கசிகிறது" என்ற ஒரே சொல்தான். குறிப்பேடு இருந்தால் முதல் நாளிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு எடுத்து வாருங்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும், வறட்டு இருமலைக் கிளப்பும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் கசிவில் பங்கெடுப்பவை. அவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேச வேண்டும். பிரசவம், அறுவைச் சிகிச்சை பற்றிய பழைய தாள்கள் இருந்தால் உதவும். மாதவிடாய் நாள் என்பதற்காகச் சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனை வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அன்றைக்கு மற்ற வேலைகளைப் பார்க்கலாம்.

முதல் சந்திப்பு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதில் பாதி பேச்சு. எத்தனை பிரசவம், எப்படி, தையல் எதுவரை போனது, மலம் கட்டியாக வருகிறதா இளக்கமாக வருகிறதா, வாயு அடங்குகிறதா, உடலுறவில் வலி உண்டா, எங்கே, நுழையும்போதா ஆழத்திலா, முதுகுவலி, நாள்பட்ட இருமல், தூக்கம், வேலையில் எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்றெல்லாம் கேட்போம். கூட வந்தவர் முன் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால், அவரைச் சற்று வெளியே உட்கார வைக்கும்படி எங்களிடம் சொல்லலாம். சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. முன்பு உங்களுக்கு யாராவது பாலியல் வன்முறை இழைத்திருந்தாலோ, மருத்துவப் பரிசோதனையே கொடுமையாக முடிந்திருந்தாலோ, விவரம் வேண்டாம், "அப்படி ஒன்று நடந்திருக்கிறது" என்ற அளவில் தெரிவித்தாலே போதும். அணுகும் முறையை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

பிறகு உடம்பைப் பார்ப்பது. நிற்கும் விதம், மூச்சு வயிறுவரை போகிறதா நெஞ்சோடு நின்றுவிடுகிறதா, பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா, சிசேரியன் தழும்பு அடியில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறதா, இடுப்பு மூட்டு எவ்வளவு திரும்புகிறது என்று வெளியிலிருந்து பார்ப்போம். இதுவரை உடையைக் கழற்ற வேண்டியதில்லை.

அடுத்தது எல்லோரும் பயப்படும் பகுதி. எதற்காக, எப்படி என்று விளக்கி, உங்கள் சம்மதத்தைக் கேட்ட பிறகே தொடங்குவோம். "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதோடு சரி; சிகிச்சை நிற்காது. சம்மதித்த பிறகும் எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம். துணைக்கு ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கால்களை உயர்த்திக் கட்டும் கம்பிகள் கிடையாது. யோனியை விரித்துப் பார்க்கும் உலோகக் கருவியும் வழக்கமாகக் கிடையாது. முழங்காலை மடக்கி மல்லாந்து படுக்க வேண்டும், மேலே துணி போர்த்தியிருக்கும். முதலில் வெளியிலிருந்து பார்த்தபடி, சுருக்குங்கள், விடுங்கள், இருமுங்கள், லேசாக முக்குங்கள் என்போம். சுருக்கும்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட இடம் உள்ளே மேலேறுகிறதா, இருமும்போது கீழே பிதுங்குகிறதா என்பதே இங்கே கவனிப்பது. பிறகு கையுறை அணிந்த ஒரு விரல், வழுக்கும் ஜெல்லோடு, யோனி வழியாக. ஆண்களுக்கும், மலம் சார்ந்த சிக்கல் உள்ள பெண்களுக்கும் ஆசனவாய் வழியாக, பக்கவாட்டில் படுத்த நிலையில். சில நிமிட வேலைதான். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு கையுறை பயன்படுத்துவோம்.

அந்தச் சில நிமிடங்களில் அளப்பது பல. தசையின் வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அசைவே இல்லையென்றால் 0, துடிப்பு மட்டும் தெரிந்தால் 1, வலுவற்ற சுருக்கம் 2, மேலே தூக்கும் அசைவு தெரிந்தால் 3, விரலின் எதிர்ப்பை மீறித் தூக்கினால் 4, நல்ல எதிர்ப்பையும் மீறினால் 5. அதே வலுவோடு எத்தனை நொடி பிடிக்க முடிகிறது (10 நொடி வரை பார்ப்போம்), அதை எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, சட்டென்று சுருக்கி விடும் வேகச் சுருக்கம் எத்தனை வருகிறது என்று வரிசையாகக் குறிப்போம். விட்ட பிறகு தசை முழுதாகத் தளர்கிறதா என்பதையும் பார்ப்போம். எங்கள் பார்வையில் இதுவே மிக முக்கியமான அளவு. கடைசியாக வலது, இடது சுவர்களை மெல்ல அழுத்தி எந்த இடத்தில் வலி எழுகிறது, அது நீங்கள் சொன்ன அதே வலிதானா என்று கேட்போம்.

உட்பரிசோதனை செய்யாத நேரங்களும் உண்டு. பிரசவமாகி 6 வாரம் வரை, கர்ப்பத்தில் ரத்தப்போக்கோ நஞ்சுக்கொடி கீழிறங்கிய நிலையோ இருந்தால், பிறப்புறுப்பில் தொற்று இருந்தால், குழந்தைகளுக்கு, உடலுறவு அனுபவமே இல்லாத பெண்ணுக்கு நாங்கள் அந்த வழிக்குப் போவதில்லை. அதற்கு மாற்று இருக்கிறது. அடிவயிற்றின் மேலோ இரு கால்களுக்கு நடுவில் வெளிப்புறத்திலோ அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தால், தசை சுருங்கும்போது சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி மேலேறுவது திரையில் தெரியும். அடிவயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதாக இருந்தால் சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் போய்விட்டு வரச் சொல்வோம். ஆசனவாயின் இருபுறமும் ஒட்டும் மின்முனைகள் மூலமும் தசையின் இயக்கத்தைத் திரையில் கோடாகப் பார்க்கலாம். விரல் தரும் தகவல் முழுவதும் இவற்றில் கிடைக்காது என்றாலும் தொடங்குவதற்குப் போதும்.

பரிசோதனைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் லேசான வலி இருக்கலாம். மாதவிடாய் நின்று திசு வறண்டவர்களுக்குத் துளி ரத்தம் படியலாம். காய்ச்சல், நிற்காத ரத்தம், நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் காத்திருக்காமல் தெரிவிக்க வேண்டும்.

இனி பயிற்சி. வலுவிழந்த தசை என்று தெரிந்த பிறகுதான் இது. வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, அதே அசைவை முன்னோக்கிக் கொண்டுவந்து சிறுநீரையும் அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். ஆண்களுக்கு, ஆணுறுப்பை உடம்புக்குள் இழுத்துக்கொள்வதுபோலவும் விரைகளை மேலே தூக்குவதுபோலவும் நினைத்துச் செய்யச் சொன்னால் சட்டென்று பிடிபடுகிறது. பிட்டம் இறுகக் கூடாது, தொடைகள் ஒட்டக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. மூச்சு நின்றால் வயிற்றின் அழுத்தம் கீழே தள்ளும். தூக்க வேண்டிய தசையை நாமே அமுக்கிவிடுகிறோம். செய்துகொண்டே சத்தமாக எண்ணுங்கள். குரல் தடைபட்டால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை: சுருக்கும்போது ஆசனவாய் உள்ளே இழுபட வேண்டும், வெளியே பிதுங்கினால் அது முக்குதல். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்லும் அறிவுரையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். சிறுநீர்ப்பை காலியாகும் ஒழுங்கு அதனால் குலைகிறது. சிறுநீர் தங்கிவிடவும் செய்யும்.

எத்தனை முறை என்பதற்குப் பொதுவான எண் ஒன்று உண்டு. பிரிட்டனின் தேசியச் சுகாதார வழிகாட்டுதல் அமைப்பான 'நைஸ்', இருமல் தும்மலில் கசியும் பெண்களுக்கு முதல் சிகிச்சையாக, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. ஒரு நேரத்துக்குக் குறைந்தது 8 சுருக்கங்கள், நாளைக்கு 3 நேரம். ஆனால் தொடக்க அளவு ஆளைப் பொறுத்தது. 4 நொடிதான் பிடிக்க முடிகிறது, 5 முறைக்கு மேல் தசை சோர்கிறது என்றால், உங்கள் கணக்கு 4 நொடி, 5 முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே அளவோ இரு மடங்கோ ஓய்வு; முடிவில் சில வேகச் சுருக்கங்கள். 10 நொடி பிடிக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு முதல் நாளே முயன்றால், 4 நொடிக்குப் பிறகு பிட்டமும் வயிறும்தான் வேலை செய்யும். வாரத்துக்கு ஒரு நொடி கூட்டினாலே நல்ல முன்னேற்றம். படுத்த நிலையில் வந்த பிறகு உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து. கசிவது பெரும்பாலும் எழுந்து நிற்கும்போதுதான் என்பதால் படுத்தே பயிற்சியை முடித்துக்கொள்பவருக்கு அன்றாடத்தில் பலன் தெரியாது.

அதைவிடச் சீக்கிரம் பலன் தருவது ஒரு சின்ன உத்தி: இருமல் வருவதற்கு ஒரு நொடி முன் சுருக்கி, இருமி முடிக்கும்வரை விடாமல் இருப்பது. தும்மலுக்கும், எடை தூக்குவதற்கும், நாற்காலியிலிருந்து எழுவதற்கும் இதே. தசை வலுப்பெறும்வரை காத்திருக்க வேண்டாம், நேரம் தப்பாமல் சுருக்கினாலே போதும். சிலருக்கு முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

இறுகிய தசைக்காரர்களுக்குச் சிகிச்சை முற்றிலும் வேறு. தொடக்க வாரங்களில் இறுக்கும் பயிற்சியே கிடையாது. மூச்சை மெல்ல உள்ளிழுக்கும்போது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை இறங்கும். அதோடு சேர்ந்து இடுப்புத்தளமும் இறங்கித் தளரும். படுத்து, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி 5 நிமிடம் இப்படி மூச்சுவிட்டு, அந்த இறக்கத்தை உணரப் பழக வேண்டும். முழங்கால்களை அகற்றி மார்பை நோக்கி இழுத்துப் படுப்பது, முட்டிபோட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது போன்ற நிலைகள் இதற்குத் துணை. உள்ளே வலிக்கும் புள்ளியை விரலால் மிதமாக அழுத்தி, அது இளகும்வரை அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் பிடித்திருப்பது எங்கள் வேலை. வலி 10-க்கு 3-ஐத் தாண்டாத அளவில்தான் அழுத்துவோம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பவருக்கு அந்தத் தசை இன்னும் இறுகும். "வலிக்கிறது" என்று சொல்வதுதான் இங்கே ஒத்துழைப்பு. உடலுறவு முடியாத அளவு யோனி இறுகியவர்களுக்குச் சிறிதிலிருந்து பெரிதாக அளவு வாரியாக வரும் வழுவழுப்பான குழல்கள் உண்டு. மிகச் சிறியதில் தொடங்கி, அது வலியின்றிப் பழகிய பிறகே அடுத்தது. அவசரப்படுத்தினால் உடம்பு பழைய பயத்துக்கே திரும்பும். துணைவரிடம் இதைச் சொல்லி வைப்பது வீட்டில் தேவையற்ற கணக்குகளைத் தவிர்க்கும்.

திடீரென்று அடக்க முடியாமல் வருகிறது, கழிப்பறைக் கதவைத் தொடும்போது கசிந்துவிடுகிறது என்பவர்களுக்குத் தசைப் பயிற்சியோடு சிறுநீர்ப்பைக்கும் பழக்கம் கற்றுத்தர வேண்டும். உந்துதல் அலைபோல எழுந்து, உச்சிக்குப் போய், இறங்கும். உச்சியில் ஓடினால் கசிவது எளிது. அந்த நேரத்தில் ஓடாமல் நின்றுவிடுங்கள், முடிந்தால் உட்காருங்கள். வேகச் சுருக்கம் 5 அல்லது 6 கொடுங்கள், மூச்சைச் சீராக விடுங்கள், மனத்தை எண்களில் திருப்புங்கள். அலை தணிந்த பிறகு சாதாரணமாக நடந்து போங்கள். முதலில் 5 நிமிடம் தள்ளிப்போட முடிந்தாலே வெற்றி. பிறகு வாரவாரம் கூட்டி, இரண்டு முறைக்கு நடுவே 3 மணி நேரம்வரை கொண்டுவரலாம். இதற்குக் குறைந்தது 6 வாரம் கொடுக்க வேண்டும். "எதற்கும் ஒருமுறை போய்விட்டு வந்துவிடுவோம்" என்று கிளம்பும்போதெல்லாம் போவது சிறுநீர்ப்பையைக் குறைந்த அளவுக்கே பழக்கிவிடும். கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும் தவறு. அடர்த்தியான சிறுநீர் பையை உறுத்தி உந்துதலைக் கூட்டும், மலத்தையும் கட்டியாக்கும். காபி, தேநீர் அதிகமென்றால் குறைத்துப் பார்க்கலாம், ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலிதான் மிச்சம்.

மலச்சிக்கலைச் சரிசெய்யாமல் இடுப்புத்தளத்தைச் சரிசெய்ய முடியாது. தினமும் முக்குபவர், காலையில் பயிற்சியால் தூக்கியதைக் கழிப்பறையில் தள்ளிவிடுகிறார். மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காருபவர்கள் காலடியில் சுமார் 20 செ.மீ. உயரப் பலகை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். குந்தி அமரும் கழிப்பறையில் இந்த நிலை தானாகவே அமைகிறது. வாயைத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றை முன்னே அகலவிட வேண்டும். தொண்டையை அடைத்து மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது. 10 நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். கைப்பேசியை வெளியே விட்டுச் செல்வது சிகிச்சையின் பகுதி என்றே நாங்கள் சொல்கிறோம்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக், அசைவு பிடிபடாதவர்களுக்கு உண்மையிலேயே உதவும். நன்றாகச் செய்பவருக்கு அவசியமில்லை. லேசான மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டல், தானாகச் சுருக்கவே முடியாத மிக வலுவிழந்த தசைக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. படுத்துக்கொண்டால் கருவியே எல்லாம் செய்துவிடும் என்று யாராவது விற்றால் யோசியுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் அந்தப் பகுதியில் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அதை வைப்பதில்லை.

புராஸ்டேட் அறுவைக்குப் போகும் ஆண்களுக்கு: முடிந்தால் அறுவைக்கு முன்பே வந்து அசைவைக் கற்றுக்கொள்ளுங்கள். சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டர் உள்ளே இருக்கும்வரை பயிற்சி வேண்டாம், எடுத்த பிறகு தொடங்கலாம். மாலையில் கசிவு கூடுவது தசை சோர்வதால், பின்னடைவு அல்ல. ஓராண்டு வரைகூட முன்னேற்றம் தொடரும். பிரசவமான பெண்களுக்கு: கதீட்டர் எடுத்து, தானாகச் சிறுநீர் பிரிந்த பிறகு, வலியில்லாத அளவில் மென்மையான சுருக்கங்களைச் சில நாட்களிலேயே தொடங்கலாம். ஆசனவாய்த் தசைவரை கிழிந்து தைத்தவர்கள் கசிவு இல்லாவிட்டாலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. கருப்பை இறக்கம் லேசானதாக இருந்தால் பயிற்சி பாரத்தையும் இழுப்பையும் குறைக்கும். யோனி வாய்க்கு வெளியே வந்துவிட்ட இறக்கத்தைப் பயிற்சி மட்டும் உள்ளே ஏற்றிவிடாது. அதற்கு யோனிக்குள் பொருத்தும் தாங்குவளையமோ அறுவையோ பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேச வேண்டும்.

முதலில் வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ வர வேண்டியிருக்கும். பிறகு இடைவெளி கூடும். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றம் நரம்பும் தசையும் ஒத்துப்போவதால் வருவது. தசை உண்மையில் வலுப்பெறத் தொடங்க 6 முதல் 8 வாரம் ஆகும், 12 வாரத்தில் நன்றாகத் தெரியும். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்துபவர்களும், எட்டாம் வாரத்தில் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துபவர்களும்தான் திரும்ப வருகிறார்கள். முழுதாகச் சரியான பிறகும் குறைந்த அளவில் தொடர வேண்டும். அதிக உடல் எடை உள்ளவர்களுக்கு எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே கசிவு குறைகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 3 மாதம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லையென்றால் பயிற்சியை இரட்டிப்பாக்குவதல்ல விடை. மறுபடி பரிசோதித்து, தேவையானால் சிறுநீர்ப்பையின் அழுத்த ஆய்வுக்கும், மருந்து அல்லது அறுவை பற்றிய ஆலோசனைக்கும் மருத்துவரிடம் அனுப்புவோம்.

சிலவற்றுக்கு எங்களிடம் வரவே கூடாது, முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்: சிறுநீரிலோ மலத்திலோ ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாத எடை இழப்பு, காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல். திடீரென்று சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலும், முதுகுவலியோடு இரு கால்களுக்கு நடுவில் உணர்ச்சி மரத்துப்போனாலோ கால் பலமிழந்தாலோ, அதே நாளில், அதே மணியில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பாகிவிடும்.

கடைசியாக, நேரம் குறிக்கத் தொலைபேசியில் பேசும்போதே நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இடுப்புத்தளச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவரா? உட்பரிசோதனை செய்யத் தெரியுமா, அதற்கு மறுத்தால் மாற்று வழி என்ன? கதவடைத்த தனி அறையா, திரை போட்ட பகுதியா? ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் பார்ப்பாரா? பரிசோதிக்காமலேயே எல்லோருக்கும் ஒரே பயிற்சித் தாளை நீட்டுகிறார்கள் என்று தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

இப்படிக்கு,
இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்டுகள் சிலர்